போன தடவைக்கு நன்றி

படியேறி வந்த ஸ்டைனார், கதவருகே நின்று நனைந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "போன தடவைக்கு நன்றி" என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. யோருனுக்கும் உறைத்தது.

பெர்கனில் ஒருவரை ஒருவர் மறுபடி பார்த்தால் முதலில் வாயில் வருவது இதுதான். போன தடவை கல்யாண வீடோ, சாவு வீடோ, எதுவானாலும் நன்றி உண்டு. "உனக்கும் அப்படியே" என்று பதில் சொல்லிவிட்டால் மரியாதை முடிந்தது. அப்புறம் மழையைப் பற்றிப் பேசலாம். ஆனால் இவர்களுடைய போன தடவை இதே படிக்கட்டில் நடந்தது. பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் சாத்திக்கொண்டு ஸ்டைனார் இறங்கிப் போக, யோருன் அவன் முதுகைக் குறிபார்த்து வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் டப்பாவை எறிந்தாள். குறி தவறிச் சுவரில் பட்டு டப்பா பிளந்தது. மூன்று வருஷமாகியும் அந்தக் கறை அங்கேயே இருக்கிறது. அதைத் தாண்டித்தான் அவன் இப்போது மேலே வந்திருக்கிறான்.

பின்னால் குடையை உதறிக்கொண்டு வந்த வென்கேதான் முதலில் சிரித்தாள். யோருனின் புருஷனாக இருந்த ஸ்டைனார் இப்போது அவளோடுதான் வாழ்கிறான். பல் டாக்டர், அறுபதை நெருங்குகிறவள், யாரைப் பார்த்தும் பயப்படாதவள்.

"ரொம்ப நல்ல நன்றிதான். இந்தத் தடவை என்ன எறியப்போறே யோருன்? முன்னாடியே சொல்லிட்டா குடையை மடக்காம வச்சிருப்பேன்."

ஸ்டைனாரும் சிரித்தான். வாய்விட்டு, பல் தெரிய. யோருனின் கண் தன் தொழிலைச் செய்தது: மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு பல், பக்கத்துப் பல்லின் மேல் கொஞ்சம் ஏறி நின்றது. அந்தப் பல்லைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

"உக்காருங்க. காப்பி அடுப்புல இருக்கு" என்றாள்.

யோருன் ட்வைட் மனித உருவம் வரைகிறவள். அறுந்த கம்பியும் உடைந்த நாற்காலியும் கலையாகிப் போன காலத்தில், பிடிவாதமாக எண்ணெய் வண்ணத்தில் மூக்கும் முழியுமாக மனிதரை வரைந்து பேர் வாங்கியவள். மனிதர் என்றால் நாலு பேர் அல்ல, ஒரே மனிதன். மேஜையருகே ஸ்டைனார், கட்டிலில் ஸ்டைனார், படகுத்துறையில் ஸ்டைனார், ஜன்னலோரம் ஸ்டைனார். சாம்பல் வெளிச்சத்தில், வாயை மூடிக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு முகம். அந்தப் பார்வைக்காகத்தான் ஆட்கள் ஆஸ்லோவிலிருந்தும் பெர்லினிலிருந்தும் வந்தார்கள்.

"மேற்குக் கரையின் துயரம்" என்று, பெர்கன் இருக்கும் மேற்குக் கடலோரத்தை வைத்து, ஒரு விமர்சகர் எழுதினார். இன்னொருவர் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த மனிதனின் தகப்பனைக் கடல் கொண்டுபோயிற்று, அந்தத் துக்கம்தான் கண்ணில் நிற்கிறது என்று எழுதினார். ஸ்டைனாரின் அப்பா படகு மோட்டார் விற்றவர். எண்பது தாண்டி, மெத்தையில் படுத்து, தூக்கத்திலேயே போனவர். ஸ்டைனாரோ நெடுஞ்சாலை இலாகாவில் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்ட பொறியாளன். கடலில் கால் நனைப்பதோடு சரி. யோருன் எதையும் திருத்தவில்லை. துக்கம் எந்த வழியாக வந்தால் என்ன, வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. புகைப்படம் பார்த்து வரைய மாட்டாள். ஞாபகத்திலிருந்தும் வரைய மாட்டாள். ஆள் எதிரே இருந்தாக வேண்டும். "நான் கண்ணால் பார்க்காத எதையும் வரைந்ததில்லை" என்று பேட்டிக்குப் பேட்டி சொல்லி, அந்த வாக்கியம் அவள் பெயருக்குப் பின்னால் பட்டம் போல ஒட்டிக்கொண்டது. புகைப்படத்தைத் திரையில் பாய்ச்சி அதன் மேல் கோடு இழுக்கிற இளசுகளைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால், கேட்கிறவர்களுக்குக் காது கூசும்.

ஸ்டைனார் போன பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. ஆப்பிள் வரைந்தாள். பக்கத்து வீட்டுக்காரரை வரைந்தாள். தன்னையே கண்ணாடியில் பார்த்து வரைந்தாள். ஆப்பிள்தான் கொஞ்சம் தேவலை. மற்றதையெல்லாம் சுவர் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள். மாடல் போனான், ஓவியமும் அவன் பின்னாலேயே போயிற்று என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் காது கேட்கவே பேசினார்கள்.

இந்த நிலைமையில்தான், மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து கிடக்கும் ஃபியோர்டுக் கரையில் ஒரு கப்பல் முதலாளி குடும்பம் கட்டிவைத்த கலைக்கூடம் அவளுடைய முழு வாழ்க்கைக்கும் ஒரு கண்காட்சி வைக்க முன்வந்தது. அதை அமைக்கிறவன் ஷூர். முப்பத்தைந்து வயது, கறுப்பு ஸ்வெட்டர், மெதுவான பேச்சு. எல்லா அறைக்கும் படம் இருக்கிறது, கடைசி அறைக்குத்தான் இல்லை என்றான் அவன். இப்போது இருக்கிற ஸ்டைனார் வேண்டும். அது இல்லாவிட்டால் கண்காட்சி வாலில்லாத மீன் மாதிரி நிற்கும்.

யோருனுக்கு ஷூரை விட அவசரம். போனது புருஷன்தான், கண் போகவில்லை என்று ஊருக்கு ஒரு தடவை காட்டிவிட வேண்டும். அதற்கு அந்த முகம் வேண்டும். மூன்று வருஷத்தில் அது இன்னும் முற்றியிருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும், கண்ணுக்குக் கீழே பள்ளம் ஆழப்பட்டிருக்கும் என்று மனசுக்குள் ஒரு படமே போட்டு வைத்திருந்தாள். கொஞ்சம் ஆசைப்பட்டாள் என்றும் சொல்லலாம்.

டெலிபோன் செய்தபோது ஸ்டைனார் வென்கேயைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். போய் முடித்துக் கொடுத்துவிட்டு வா, பாதி அடைத்த பல்லும் பாதி வரைந்த படமும் வலித்துக்கொண்டே இருக்கும் என்று அவள் சொல்லிவிட்டாளாம். அப்படித்தான் செப்டம்பர் மாதத்து மழையில் இரண்டு பேரும் படியேறி வந்தார்கள்.

பழைய மீன் கிடங்கின் மேல்மாடி அது. வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், அதன் கீழே அதே மர நாற்காலி. அவன் உட்காருவதற்கு முன்பே யோருன் பழக்கத்தில் தன் சாம்பலைக் குழைத்து வைத்துவிட்டாள். பச்சை மண் வண்ணமும் வெள்ளையும் ஒரு துளி கறுப்பும் கலந்த சாம்பல்; கண்ணுக்குக் கீழே வைக்கிற சாம்பல். பெர்கன் ஓவியர்கள் அதற்கு அவள் பெயரையே வைத்திருந்தார்கள்.

தூரிகையில் அதைத் தொட்டு எடுத்துக்கொண்டு முகத்தைப் பார்த்தாள். வைக்க இடம் இல்லை.

கன்னம் ஒட்டவில்லை, பூசியிருந்தது. நெற்றியில் வெயில் பட்ட நிறம். கண்ணுக்குக் கீழே பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் சிரித்துச் சிரித்து விழுந்த சுருக்கம். முதலில் வெளிச்சத்தைக் குறை சொன்னாள். அப்புறம் அவனுடைய மஞ்சள் சட்டையைக் குறை சொன்னாள். ஸ்பெயினுக்குப் போய் வெயில் காய்ந்தாயா என்று கேட்டாள். தோட்டத்தில் உருளைக்கிழங்கு போட்டிருப்பதாக அவன் சொன்னான். முகத்தைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொள்ளச் சொன்னாள். தளர்ந்துதான் இருக்கிறது என்றான்.

வென்கே மூலையில் உட்கார்ந்து பேரனுக்குக் கையுறை பின்னிக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்க பழைய படங்களின் அச்சுப் பிரதிகள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் கேட்டாள்:

"நான் ஆளுங்களை வாயைத் தொறந்துதான் பாப்பேன், என் தொழில் அப்படி. அதனால கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. இத்தனை படத்துல ஒண்ணுலகூட இவருக்குப் பல்லே இல்லையே?"

"நான் பற்பசை விளம்பரம் வரையல."

"அது சரி. ஆனா இவரு இங்க சிரிக்கவே இல்லையா, இல்ல சிரிக்கும்போது நீ வரையலையா?"

குத்தலாகக் கேட்கவில்லை. கண்ணி விட்டுப்போயிற்றா என்று கையுறையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். யோருன் சாம்பலை இன்னொரு முறை குழைத்தாள். அன்றைக்குக் கேன்வாஸில் நாற்காலியும் தோளும் மட்டும்தான் வந்தன.

இரண்டாம் தடவைக்கு முன்னால் டெலிபோன் செய்து, பின்னல் ஊசிச் சத்தம் வேலையைக் கெடுக்கிறது என்று சொல்லிவிட்டாள். வென்கே கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டைனாரை வாசலில் இறக்கிவிட்டு மீன் வாங்கப் போய்விட்டாள். ஆக, மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த அறையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். இனி அந்தப் பழைய முகம் தானாக வரும் என்று யோருன் நம்பினாள்.

அவன் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முனகாதே என்றாள். நிறுத்தினான், கால் தாளம் போட்டது. ஹீட்டரை அணைத்துப் பார்த்தாள். அவன் கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். கடைசியில், செய்யக்கூடாததைச் செய்தாள். போன வருஷம் செத்துப்போன அவன் தம்பியைப் பற்றிக் கேட்டாள். எப்படி இருந்தான் கடைசியில், வலி இருந்ததா, நீ பக்கத்தில் இருந்தாயா என்று ஒவ்வொன்றாக, தூரிகையைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு கேட்டாள். ஸ்டைனார் சொன்னான். கண் கலங்கினான். ஆனால் அது வேறு துக்கம். மழை பெய்து விட்ட மாதிரி வந்தது, போயிற்று. பின்னாலேயே, தம்பி ஆஸ்பத்திரி நர்சைக் கிண்டல் செய்ததைச் சொல்லிச் சிரித்தான். யோருனுக்கு வேண்டியது வந்து போகிற மழை அல்ல. வருஷக்கணக்கில் கவிந்து நிற்கிற மேகம்.

பொறுமை போயிற்று.

"நவம்பர் ஜன்னல்ல நின்னியே, அந்த மாதிரி ஒரு பத்து நிமிஷம் இரேன். எனக்கு அது போதும்."

'நவம்பர் ஜன்னல்' அவளுடைய படங்களிலேயே பேர்போனது. கோட்டைக் கழற்றாமல் ஜன்னலோரம் நிற்கிற மனிதன், பாதி முகத்தில் தெருவிளக்கு. கண்காட்சிப் புத்தகத்தின் அட்டையே அதுதான்.

ஸ்டைனார் நாற்காலியில் அவள் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்கு நான் எதுக்கு வந்து நின்னேன்னு உனக்குத் தெரியுமா, கிழவி?"

கல்யாணமான புதிதிலிருந்தே அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். மூன்று வருஷமாக யாரும் கூப்பிடவில்லை. அதனாலேயே அவள் கொஞ்சம் அயர்ந்து நின்றாள்.

"ஆபீஸ்லேருந்து வந்தே" என்றாள்.

"உங்கிட்டப் பேச வந்தேன். இனிமே இப்படி முடியல, உக்காந்து பேசுவோம், இல்லாட்டி நான் போறேன்னு சொல்ல வந்தேன். கார்ல வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன். கோட்டைக் கழட்டினா தைரியம் போயிடும்னு கழட்டல. வாயைத் தொறந்தேன். நீ 'அசையாதே'ன்னே."

யோருனுக்கு அந்தச் சாயங்காலம் நன்றாக ஞாபகம் இருந்தது. விளக்கு வெளிச்சம் விழுந்த விதம், இப்படி ஒரு முகம் கிடைத்துவிட்டதே என்ற பரபரப்பு, எல்லாம். அவன் வாயைத் திறந்தது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

"நான் அசையல" என்றான் ஸ்டைனார். "நீ முடிச்சதும் 'அருமை'ன்னு சொல்லி என் கன்னத்தைத் தட்டினே. கால் மரத்துப்போச்சு எனக்கு. சொல்ல வந்ததும் மரத்துப்போச்சு. அப்புறம் பதினோரு வருஷம் ஓடிப்போச்சு."

"சொல்லியிருக்கலாமே நீ."

"உன் அளவுக்கு என் மூஞ்சியப் பாத்தவங்க இந்த உலகத்துல யாரும் இல்ல யோருன். அதுல என்ன இருந்துதுன்னு ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு. நீதான் வரைஞ்சே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'என்ன ஆச்சு உனக்கு'ன்னு கேட்டியா?"

அவன் குரலில் கோபம் இருந்தாலாவது பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். எங்கேயோ சுரங்கத்தில் பாறை சரிந்த பழைய கதையைச் சொல்கிற மாதிரி சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, "காலை மாத்தி வச்சுக்கவா?" என்று கேட்டான்.

மாற்றிக்கொள் என்றாள்.

அவன் போன பிறகு சுவரில் இருந்த அச்சுப் பிரதிகளை யோருன் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மேஜையருகே: அது அவள் ஆஸ்லோவில் கண்காட்சி என்று அவன் அம்மாவின் சாவுக்குப் போகாமல் இருந்த வருஷம். கட்டிலில்: அது பிள்ளை வேண்டாம் என்று அவள் முடிவாகச் சொன்ன வசந்தம். படகுத்துறை: அங்கே என்ன சண்டை என்பதுகூட மறந்துவிட்டது; முகம் மட்டும் மறக்கவில்லை, அதுதான் தொங்குகிறதே. மேற்குக் கரையின் துயரமாம். கரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது அவள் வீட்டிலேயே காய்ச்சிய சரக்கு.

இரண்டு நாள் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு ரோஷம் வந்தது. பார்ப்பதைத்தானே வரைவேன் என்று இத்தனை வருஷம் ஊரைத் திட்டினேன்? சரி, இப்போது பார்க்கிறேன். வரைகிறேன்.

பெட்டியில் ரோஜா நிறக் குழாய் ஒன்று இருந்தது. மூடி இறுகி, உள்ளே கல்லாகிப் போயிருந்தது. கடைக்குப் போய்ப் புதிதாகக் கேட்டாள். கடைக்காரருக்கு அவளை எத்தனையோ வருஷமாகத் தெரியும். "உனக்கா? ரோஸா? யாருக்காவது பொறந்தநாள் பரிசா?" என்றார். சாம்பல் தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த தடவைக்கு வென்கேயையும் வரச் சொன்னாள். பின்னல் ஊசியோடு வரச் சொன்னாள். வாஃபிள் சுட்டு, பழுப்புச் சீஸும் ஜாமும் எடுத்து வைத்தாள். வென்கே பல் பார்த்துக்கொள்ளத் தன்னிடம் வந்த ஒரு வங்கி மேலாளரின் கதையைச் சொன்னாள். ஊசிக்குப் பயந்து அவளுடைய விரலையே கடித்துவிட்டு, "மன்னிக்கணும், வட்டி போட்டுக் கொடுத்துடறேன்" என்றாராம் அந்த மனிதர். நூறு தடவை கேட்ட கதைக்கு ஸ்டைனார் நூற்றோராம் தடவையாகச் சிரித்தான். யோருன் அந்த ஏறிய பல்லைப் பிடித்தாள்.

வேகமாக வரைந்தாள். பேசவில்லை, அசையாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவன் அசைந்துகொண்டேதான் இருந்தான். முகம் ஓடி ஓடிப் போயிற்று, அவள் பின்னாலேயே ஓடினாள். அவளுடைய காது மடல் சூடானது. படம் நன்றாக வரும்போது மட்டும் ஆகிற சூடு. கடைசியாக அப்படி ஆனது எப்போதென்று எண்ணிப் பார்க்க அவள் விரும்பவில்லை.

முடியும்வரை மாடல் படத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். மாடலோடு வந்தவர்களுக்குச் சட்டம் எதுவும் இல்லை. கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பிய வென்கே, கேன்வாஸுக்குப் பின்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இதான் இவரு" என்றாள் கடைசியில், மெல்ல. "காலையில காப்பி போடும்போது இப்படித்தான் இருப்பாரு."

யோருனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குள் ஊசி ஒன்று இருந்தது. இந்த முகத்தோடு இவன் காலையில் காப்பி போடுவது இன்னொரு வீட்டில்.

"இதையேதான் மாட்டப்போறியா?" என்று கேட்டாள் வென்கே.

"ஆமா."

வென்கே ஈரக் கையோடு அவள் தோளை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் ஷூர் வந்தான். படத்தின் முன்னால் நின்றான், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி மாட்டினான். "சுவாரசியமா இருக்கு" என்றான். அவர்கள் உலகத்தில் அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். நன்றாக இல்லை என்றால் சண்டையாவது போடலாம். சுவாரசியம் என்றால் ஆளை முடித்துவிட்டார்கள்.

"புடிக்கலைன்னா சொல்லிடு."

"புடிக்கலைன்னு இல்ல. நல்ல படம் யோருன். அதான் சங்கடம்." ஷூர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினான். "கடைசி அறையில இதைப் பாத்துட்டு ஜனங்க சும்மா வெளிய போக மாட்டாங்க. திரும்ப முதல் அறைக்குப் போவாங்க. இந்த ஆளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும்னு தெரிஞ்சப்புறம், மத்ததை எல்லாம் இன்னொரு தடவை பாப்பாங்க. அப்ப அவங்களுக்கு என்ன தெரியும்னு எனக்குச் சொல்லத் தெரியல." அப்புறம், முடிவு அவளுடையதுதான் என்றான். மிச்சமிருந்த வாஃபிளை அனுமதி கேட்டு எடுத்துத் தின்றுவிட்டுப் போனான்.

என்ன தெரியும் என்று யோருனுக்குச் சொல்லத் தெரியும். ஸ்டைனார் கேட்ட கேள்வியை ஊரே கேட்கும். கடலாவது, கரையாவது, ஒரு மனிதன் முப்பது வருஷம் வீட்டுக்குள் வாடிக்கொண்டிருந்திருக்கிறான், பெண்டாட்டி எதிரே நின்று அசையாதே என்று சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு அறையிலும் அதற்குச் சாட்சி, சட்டம் போட்டு, விளக்குப் போட்டு மாட்டியிருக்கிறது. இந்த ஒரு படத்தைத் தொங்கவிட்டால் மற்ற எல்லாப் படத்துக்கும் வாய் முளைத்துவிடும்.

வெகு நேரம் அந்தச் சிரித்த முகத்தின் எதிரே உட்கார்ந்திருந்தாள். அது அவளைப் பார்க்கவில்லை. மூலையில் பின்னிக்கொண்டிருந்தவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதுதான் கடைசி அடி என்று சொல்ல வேண்டும். அவள் எழுந்து, வண்ணம் வழிக்கிற பேலட் கத்தியை எடுத்தாள்.

எண்ணெய் வண்ணம் காயவில்லை. வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. பல் முதலில் போயிற்று. ரோஜாவும் மஞ்சளும் கத்தி முனையில் சேர்ந்து சேறாயின. மிச்சத்தை டர்பன்டைன் துணியால் துடைத்தாள். அப்புறம் காலி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சாம்பலைக் குழைத்தாள்.

ஒரு பகலுக்குள் முடிந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே பள்ளம், ஒட்டிய கன்னம், மூடிய வாய். கைக்கு எல்லாம் மனப்பாடம். எங்கே அழுத்த வேண்டும், எங்கே தேய்த்து மங்கலாக்க வேண்டும், ஒன்றையும் அது அவளிடம் கேட்கவில்லை. ஆள் இல்லாமலேயே அப்படியே வந்தது. அப்படியானால் ஆள் இருந்தபோது மட்டும்...? அந்த யோசனையை அவள் முடிக்கவில்லை. தூரிகைகளைக் கழுவப் போய்விட்டாள்.

நவம்பர் கடைசியில் திறப்பு விழா. வெளியே கொட்டுகிற மழை. உள்ளே ஈரக் கம்பளி வாடை, ஒயின், இறால் வைத்த ரொட்டி. நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தார்கள்: நான் கண்ணால் பார்க்காத எதையும் வரைந்ததில்லை.

யோருன் கடைசி அறையில் ஆஸ்லோ விமர்சகர் ஒருவரிடம் மாட்டிக்கொண்டு நின்றாள். கடலையும் தகப்பனையும் பற்றி எழுதினவரேதான். இந்தக் கடைசி முகத்தில் அந்தத் துயரம் பழுத்து முற்றிவிட்டது, இதற்கு மேல் ஒரு மனிதனைப் பார்க்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலே, ஸ்டைனார் வருவது தெரிந்தது.

புது டை கட்டியிருந்தான். முடி வெட்டியிருந்தான். ஃபோர்டே ஊரிலிருந்து தன் அக்காவையும் அழைத்து வந்திருந்தான். முதல் அறைகளில் அவன் நிற்கவே இல்லை. பழைய முகங்களுக்கு நடுவே, மருந்துக்கடை வரிசையைக் கடக்கிற மாதிரி விறுவிறு என்று நடந்து வந்தான். காரில் வரும்போதே வென்கே சொல்லியிருப்பாள்: கடைசி அறைக்குப் போங்க, அங்க உங்க பல்லு தெரியுது என்று. அவன் முகத்தில் அது அப்படியே எழுதியிருந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் படத்தைப் பார்க்க ஆசையாக வருகிறான் என்பது யோருனுக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

படத்தின் முன்னால் வந்து நின்றான். கூட்டம் மாடலை அடையாளம் கண்டு மரியாதையாக விலகிக் கொடுத்தது. சிரித்தபடி வந்த வாய் மெதுவாக மூடிக்கொண்டது. அக்கா படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

வென்கே நேரே யோருனிடம் வந்தாள். விமர்சகர் பேச்சை நிறுத்தினார்.

"அது எங்க?"

"எது?"

வென்கே அவள் வாயையே பார்த்தாள், சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் திரும்பி, வாசல் வழியே தெரிந்த அந்த ஆள் உயர எழுத்தை, குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி, சத்தமாக, நிதானமாக, கடைசிச் சொல் வரைக்கும் படித்தாள். கோட்டை எடுத்து வரப் போய்விட்டாள். விமர்சகர், ஆமாம், அருமையான வாக்கியம் என்றார்.

ஸ்டைனார் அந்தச் சாம்பல் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அக்காவை வாசல் பக்கம் அனுப்பிவிட்டு யோருனிடம் வந்தான். கோபமாக வருவான் என்று அவள் நினைத்தாள். கத்தட்டும், டப்பாவை எறியட்டும் என்று நின்றாள். அவன் கையை நீட்டினான். அவளும் நீட்டினாள். கை சூடாக இருந்தது.

"போன தடவைக்கு நன்றி" என்றான்.

இந்தத் தடவை என்ன சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. சுவரில் தொங்குவது போன தடவையின் சிரிப்பு அல்ல, பழைய தடவைகளின் சாம்பல் என்று அங்கே நின்றவர்களில் அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். விமர்சகர் பக்கத்தில் நின்று புன்னகை செய்துகொண்டிருந்தார்; ஓவியருக்கும் மாடலுக்கும் இடையில் எத்தனை அழகான மரியாதை என்று நாளைக்கு எழுதுவார்.

மன்னித்துக்கொள் என்று சொல்ல யோருன் வாயைத் திறந்தாள். என்ன ஆச்சு உனக்கு என்று இப்போதாவது கேட்டிருக்கலாம்.

"உனக்கும் அப்படியே" என்றது அவள் வாய்.

அந்த ஊரில் அதற்கு வேறு பதில் கிடையாது.